வன்னியபெருமாள் விளைவு

2024 செப்டம்பர் 30, திங்கள்

ராகேலோடு இன்றும் சண்டை. சோதனைக் கூடத்தின் கூரையிலிருந்து தொங்கும் நூல்கள் ஒரே நீளத்தில் இல்லை என்று சொன்னேன். "சாரோட கம்ப்யூட்டர்ல எல்லா நூலும் ஒரே நீளம். இங்க கூரையே வளஞ்சல்லே கிடக்குது" என்றாள். கூரை வளைந்திருப்பது உண்மைதான். அதற்காக ஒப்புக்கொண்டுவிட முடியுமா? அவள் சோதனை செய்கிறவள், நான் கணக்குப் போடுகிறவன். மாமியார் மருமகள் மாதிரி இந்த உறவு. ஒரே அடுப்பு, இரண்டு ருசி.

நேற்று என் மனைவி கௌசல்யாவின் வங்கி மேனேஜர் வீட்டுக் கல்யாணம். பந்தியில் பக்கத்து இலைக்காரர் எனக்கு என்ன வேலை என்று கேட்டார். வீட்டுக்காரி முறைத்தும் கேளாமல் விளக்கினேன். செயற்கைக்கோளில் ஒரு நீளக் கை சுருட்டி வைத்திருக்கும், தச்சரின் ஸ்டீல் டேப் மாதிரி. மேலே போனதும் அது பெட்டியிலிருந்து விரிந்து நீளும். நாங்கள் அதை பூம் என்போம். நுனியில் கருவி இருக்கும். அந்தப் பூம் விரியும்போது எப்படி ஆடும், எவ்வளவு ஆடும் என்று கம்ப்யூட்டரில் மாடல் போட்டுச் சொல்வது என் வேலை.

"ஆடினா?"

"கொஞ்சமா ஆடலாம். ரொம்ப ஆடினா நுனியில இருக்கிற கருவி ஒடிஞ்சிரும்."

"அப்போ மேல போய் யாரு புடிச்சுக்குவா?"

"யாரும் பிடிக்க முடியாது. அதுக்குத்தான் இங்கேயே கணக்கு."

"ஓ" என்றார். பால் பாயசம் வந்துவிட்டது. பதினைந்து வருடமாக இந்தத் தொழிலில் எனக்குக் கிடைத்த மரியாதை முழுவதும் அந்த 'ஓ'வுக்குள் அடங்கிவிடும்.

அக்டோபர் 8, செவ்வாய்

மாடல் முடிந்தது. பூம் ஒன்றரை நிமிடத்தில் நிதானமாக விரியும், நுனி லேசாக அசையும், பிறகு அடங்கும். திரையில் ஒரு சாந்தமான கோடு.

நாகேஸ்வரன் சார் வந்து பார்த்தார். ஸ்ரீவராகம் அக்ரகாரத்துக்காரர். நல்ல வேலையை விட்டுவிட்டு, கழக்கூட்டத்தில் ஒரு மாடியை வாடகைக்குப் பிடித்து இந்தக் கம்பெனியை நடத்துகிறார். நெற்றியில் விபூதி, கையில் வெர்னியர் அளவுகோல். கொஞ்ச நேரம் கோட்டைப் பார்த்துவிட்டு, "நன்னாத்தான் இருக்கு. ஆனா இதுல நாலு பேர்கிட்ட சொல்லிக்கறதுக்கு என்ன இருக்கு ஓய்?" என்றார்.

சொல்லிக்கொள்ள ஒன்றும் இல்லை. நாற்பத்து மூன்று வயதில் ஒரு மனிதன் சொல்லிக்கொள்ள ஒன்றும் இல்லாமல் பஸ் ஏறி கரமனை வீட்டுக்கு வந்து சேர்ந்தான்.

அக்டோபர் 10, வியாழன்

பூஜை வைப்பு. இந்த மலையாள ஊரில் சரஸ்வதி பூஜை என்றால் இரண்டு சுண்டலோடு முடிகிற சமாசாரம் இல்லை. புத்தகம், பேனா, ஆயுதம் எல்லாவற்றையும் சாமிக்கு முன் வைத்துவிட்டால் விஜயதசமி காலை வரை தொடக் கூடாது. படிக்கக் கூடாது, எழுதக் கூடாது. நாகேஸ்வரன் சார் இதில் கறார். மடிக்கணினிகளை எல்லாம் வாங்கி வாழையிலையில் அடுக்கிவிட்டார்.

ராகேல் விழிஞ்ஞத்துக்காரி, ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலைத் தவறவிடாதவள். அவளும் தன் ஸ்பேனர்களைத் துடைத்துக் கொண்டுவந்து வைத்தாள். "பொட்டு மாத்திரம் சார் வச்சிருங்க" என்றாள். கடைசியில் பூம். மேலே போகப்போகிற பூம் இல்லை, அது கண்ணாடி அறைக்குள் இருக்கிறது, அதைத் தொட்டால் ராகேல் விரலை ஒடிப்பாள். இது சோதனைக்கான இரட்டைப் பிள்ளை. சுருண்டு தன் பெட்டிக்குள் கிடந்தது.

"இதுக்கு யார் வைக்கறது?" என்றார் சார். பிறகு அவரே, "ஓய் வன்னியம், இதுக்கு அம்மா அப்பா எல்லாம் நீர்தானே? நீரே வையும்" என்றார்.

எனக்கு நெஞ்சு குளிர்ந்துவிட்டது. சாலைக் கடைத்தெருவில் நானே வாங்கி வந்த சந்தனப் பொடியைக் குழைத்து, பெட்டியின் முன்பக்கம் வஞ்சனை இல்லாமல் ஒரு கட்டி அப்பினேன். நடுவில் குங்குமம். லட்சணமாக இருந்தது.

அக்டோபர் 12, சனி

இன்று எழுதக் கூடாது. முந்தாநாளும் இன்றும் எழுதியது நான் இல்லை, பேனா.

அக்டோபர் 13, ஞாயிறு

விஜயதசமி. காலையிலேயே ஆபீஸ். தட்டில் அரிசி பரப்பி, சின்னப் பிள்ளைகளைப் போல எல்லோரும் வரிசையில் நின்று விரலால் ஹரிஸ்ரீ என்று முதல் எழுத்து எழுதினோம். பூம் பெட்டியை எடுத்து ஈரத்துணியால் வெளியே பளிச்சென்று துடைத்து ராகேலிடம் கொடுத்தேன். "சாரு வீட்டுல பாத்திரம் கழுவுவீங்களா? நல்ல பழக்கம் தெரியுது" என்றாள்.

அக்டோபர் 16, புதன்

என்ன சொல்ல. என்னத்தச் சொல்ல.

சோதனை. பெங்களூரில் செயற்கைக்கோள் செய்கிற கம்பெனியிலிருந்து அனீஷ் வீடியோவில் பார்த்துக்கொண்டிருந்தார். பூம் எங்கள் பங்கு, மற்றதெல்லாம் அவர்களுடையது. மேலே போல எடையில்லாமல் மிதக்க வேண்டும் என்பதற்காகக் கூரை நூல்களில் பூமின் நுனியைக் கோர்த்தாகிவிட்டது. ராகேல் பட்டனை அழுத்தினாள். மோட்டார் முனகியது. பூம் வரவில்லை. மோட்டார் இன்னும் முனகியது. வரவில்லை. அப்புறம் — டப்! பெட்டியிலிருந்து பாம்பு பாய்கிற மாதிரி பாய்ந்தது. நூல்கள் எல்லாம் வீணைக் கம்பி போல அதிர்ந்தன. ஒரு அலை நுனி வரை ஓடி, திரும்பி வந்து, மறுபடி ஓடியது. நுனியில் கட்டியிருந்த போலிக் கருவி கழன்று போய்ச் சுவரில் அடித்தது.

வீடியோவில் அனீஷ், "சாரே, வெடிச்சதா?" என்றார்.

கூடத்தில் எல்லோரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். ஏன் என்னை? நானா பட்டனை அழுத்தினேன்? ஆனால் அவர்கள் பார்த்தது நியாயம். என் மாடல் சாந்தமான கோடு ஒன்றைத்தானே காட்டியது. யோவ், அது எப்படிய்யா அப்படிப் பாயும்? எதுக்குப் பாயணும்?

அக்டோபர் 17, வியாழன்

மாடலில் தப்பு இல்லை. மாடலில்தான் தப்பு. தெரியவில்லை.

அக்டோபர் 24, வியாழன்

பிடித்துவிட்டேன்!

அதே பூமை ராகேல் சோதனைக்கு மறுநாள் மறுபடி சுருட்டி விரித்தாள். அன்றும் வெளியே வராமல் ஒட்டியது, ஆனால் கொஞ்சம்தான். அடுத்த நாள் இன்னும் கொஞ்சம் குறைவு. அப்படியானால் முதல் தடவை மட்டும் என்ன விசேஷம்? பூஜைக்காகத் தொடாமல் சும்மா கிடந்தது! ஓய்வு! சுருட்டி அழுத்தி வைத்த பொருள் சும்மா கிடந்தால், இந்த ஊர் ஈரக் காற்றில், தன்னோடு தானே ஒட்டிக்கொள்கிறது. தினமும் விரித்தால் ஒட்டல் விட்டுப்போகிறது. எவ்வளவு அழகு! உலகத்தில் யாரும் இதை இப்படிப் பார்த்ததில்லை. தேடிப் பார்த்தேன், உண்மையாகவே இல்லை.

ராகேலிடம் சொன்னேன். "சும்மா கிடந்தா ஒட்டும். அதுதானே? எங்க வீட்டு ஆளும் அப்படித்தான் சாரே. ஞாயித்துக்கெழம சோபாவுல ஒட்டினா திங்கக்கெழம மோட்டார் வச்சுத்தான் எடுக்கணும்" என்றாள்.

சிரிக்கட்டும்.

நவம்பர் 11, திங்கள்

ஓய்வு ஒட்டலை மாடலில் சேர்த்தேன். நான்கு மாறிலிகள் போதவில்லை, ஏழு போட்டேன். டப் வந்துவிட்டது! அந்த முனகல், அந்தத் தயக்கம், அந்த அலை நுனிக்கு ஓடித் திரும்பியது, எல்லாம் சோதனையின் கோட்டின் மேல் கச்சிதமாக உட்கார்ந்தன. இருக்கையை விட்டு எழுந்து ஜன்னலோரம் போய் நின்றுகொண்டேன். உட்கார முடியவில்லை.

இதற்கு ஒரு பெயர் வேண்டும். சும்மா, எனக்குள்ளே மட்டும், வன்னியபெருமாள் விளைவு என்று வைத்துக்கொண்டிருக்கிறேன். யாரிடமும் சொல்லப் போவதில்லை.

நவம்பர் 12, செவ்வாய்

கௌசல்யாவிடம் சொன்னேன். "வெளைவுன்னா நல்லதா கெட்டதா?" என்றாள்.

நவம்பர் 29, வெள்ளி

பூமைச் சுருட்டி, பூஜைக்கு வைத்த அளவே சும்மா வைத்திருந்து மறுபடி சோதித்தோம். டப் வரவில்லை. லேசாக ஒட்டி, ஒரு சின்னத் துள்ளலோடு வந்துவிட்டது.

"எங்க சாரே உங்க வெளைவு?" என்றாள் ராகேல். நான் பெயர் வைத்தது இவளுக்கு எப்படித் தெரியும்? கௌசல்யாவும் இவளும் போனில் பேசிக்கொள்கிறார்களா?

மாலைக்குள் விடை கிடைத்தது. துலாமழை ஓய்ந்துவிட்டதல்லவா, காற்றில் ஈரம் குறைவு. ஈரத்துக்கு ஒரு மாறிலி, மொத்தம் எட்டு. பொருந்துகிறது. எல்லாம் பொருந்துகிறது. பொருந்தாததும் பொருந்துகிறது.

டிசம்பர் 12, வியாழன்

வாழ்க்கையில் முதல் முறையாக ஒரு கூட்டம் எனக்காகக் கூடியது. நாகேஸ்வரன் சார் நான் திரையில் காட்டிய மூன்றாவது படத்திலேயே எழுந்து வந்து என் தோளைத் தட்டினார். "அஞ்சாறு நாள் சும்மா கிடந்ததுக்கே இந்த ஒட்டல்னா, மேல போறதுக்கு முன்னாடி மாசக் கணக்கா பெட்டிக்குள்ள கிடக்கப் போறது. திறக்கவே திறக்காதே ஓய்! நம்ம மானத்தைக் காப்பாத்தினீர்" என்றார்.

வீடியோவில் அனீஷும் பயந்துவிட்டார். முடிவாகிவிட்டது. பூமை உள்ளிருந்து உதைத்துத் தள்ள, பெட்டிக்குள் கனமான ஸ்பிரிங்குகள் வைக்கப்படும். முதலில் சோதனைப் பூமில், பிறகு மேலே போகிற பூமில். என் கணக்கை நம்பி ஒரு பொருள் மாறுகிறது. இது எனக்கு நடந்ததே இல்லை. சார் இன்று சாயங்காலமே தன் பழைய சகாக்களுக்கு எல்லாம் போன் போட்டுச் சொன்னதாகக் கேள்வி.

2025 ஜனவரி 6, திங்கள்

ஓய்வு ஒட்டலைப் பற்றி நான் எழுதி அனுப்பிய கட்டுரையை ஏற்றுக்கொண்டுவிட்டார்கள். ஜெர்மனியில் மாநாடு, மே மாதம். நான் மேடையில் நின்று பேச வேண்டும். தலைப்பில் என் பெயர் இல்லை, ஆனால் கேள்வி நேரத்தில் யாராவது சொல்லக்கூடும்.

கௌசல்யா கோட்டு தைக்கக் கூட்டிப் போனாள். கோட்டில் நான் கல்யாணப் பந்தலில் வாசலில் நிற்கிற ஆள் மாதிரி இருக்கிறேன். "நல்லாத்தான் இருக்கு. வயித்த மட்டும் இந்தியாவுல வச்சிட்டுப் போங்க" என்றாள். அவளுக்கும் சந்தோஷம்தான். வங்கியில் எல்லோருக்கும் சொல்லியிருக்கிறாள்.

ஜனவரி 20, திங்கள்

ஸ்பிரிங் வைப்பதற்காக ராகேல் சோதனைப் பூமின் பெட்டியை இன்றுதான் முதல் முறையாகப் பிரித்தாள். போன் வந்தது. "சாரே, ஒண்ணு இங்க வாங்க. தனியா வாங்க."

பெட்டியின் வாய்க்கு உடனே பின்னால் இரண்டு ரப்பர் உருளைகள். பூம் அவற்றின் நடுவில்தான் நழுவி வெளியே வரும். உருளைகளில் மஞ்சளாக ஏதோ பொருக்குத் தட்டிக் காய்ந்திருந்தது.

"பூமில இருக்கிற பிசின் ஒழுகியிருக்கோ?" என்றேன்.

"பிசின்னா பளபளன்னு இருக்கும். இது பொடியாகுது." ஒரு குச்சியால் சுரண்டிக் காகிதத்தில் போட்டு என் மூக்குக்கு நேராக நீட்டினாள். "மோந்து பாருங்க."

மோந்தேன்.

கோயில் வாசனை.

நாற்காலியைத் தேடி உட்கார்ந்தேன். பெட்டியின் முன்பக்கம் ஒரு கட்டி. வஞ்சனை இல்லாமல். முன்பக்கத்தில்தானே வாய்! போதாததற்கு ஈரத்துணியால் துடைத்தேனே, வெளியே இருந்ததையும் உள்ளே தள்ளிப் பளிச்சென்று! அது ஓய்வு ஒட்டல் இல்லை. அது ஈரக் காற்று இல்லை. எட்டு மாறிலிகள் போட்டு, இரண்டு மாதம் உழைத்து, நான் மிகத் துல்லியமாக மாடல் செய்தது சாலைக் கடைத்தெருச் சந்தனத்தை.

நியாயமாக ராகேல் சிரித்திருக்க வேண்டும். சிரிக்கவில்லை. அதுதான் பயமாக இருந்தது. "நான் யார்ட்டயும் சொல்ல மாட்டேன். மாடலு உங்களோடது, நீங்கதான் சொல்லணும். ஆனா அந்த ஸ்பிரிங்கு... சந்தனம் இல்லாத பூம்ல அது என்ன செய்யும்னு ஒண்ணு பாருங்க, கேட்டோ" என்றாள்.

ஜனவரி 21, செவ்வாய்

பார்த்தேன். எட்டு மாறிலிகளையும் எடுத்துவிட்டு, அக்டோபரில் போட்ட அந்தச் சாதுவான மாடலில் புது ஸ்பிரிங்கை வைத்து ஓட்டினேன். ஒட்டிக்கொள்ள ஒன்றும் இல்லாத பூமை அந்த ஸ்பிரிங் உதைத்தால் அது சாட்டையாகச் சுழற்றும். நுனிக் கருவியின் கழுத்து தாங்குகிற விசையைப் போல மூன்று மடங்கு வருகிறது.

ஒடியும். சந்தேகமே இல்லை. மேலே, யாரும் பிடிக்க முடியாத இடத்தில், என்னால் ஒடியும்.

ஜனவரி 22, புதன்

யோசித்துப் பார்த்தால், சந்தனம் இருந்தது என்பதால் மட்டும் ஓய்வு ஒட்டல் இல்லை என்று ஆகிவிடுமா? இரண்டும் இருக்கலாம். முக்கால்வாசி சந்தனம், கால்வாசி நான். கட்டுரையில் "கரிமத் தன்மையுள்ள இடைப்பொருள்" என்று ஒரு வரி சேர்த்துவிட்டால்? பொய்யில்லையே. சந்தனம் கரிமம்தானே. ஸ்பிரிங்கை மட்டும் வேறு ஏதாவது காரணம் சொல்லி எடுத்துவிடலாம். எடை கூடுகிறது என்று சொல்லலாம். எடை கூடத்தானே செய்கிறது?

நாகேஸ்வரன் சாரிடம் போய், உங்கள் பூஜையால் வந்தது என்று எப்படிச் சொல்வது? வேலை போனாலும் போகட்டும், அந்த மனிதரின் முகம் என்ன ஆகும்?

சீ. என்ன எழுதிக்கொண்டிருக்கிறேன்.

ஜனவரி 23, வியாழன்

காலை தோசைக்கு முன்னால் கௌசல்யா, "மூணு நாளா ஏன் மூஞ்சி இப்படி இருக்கு? ஜெர்மனிக்காரன் வேண்டாம்னுட்டானா?" என்றாள். எல்லாவற்றையும் சொன்னேன். சந்தனம் வந்த இடத்தில் அவள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அடுக்களைக்குள் ஓடினாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பி வந்து உட்கார்ந்தாள்.

"சரி, மேல போயி ஒடிஞ்சா உங்களாலதான்னு யாருக்குத் தெரியும்?"

"யாருக்கும் தெரியாது. ஏதோ கோளாறுன்னு எழுதி மூடிருவாங்க."

"உங்களுக்குத் தெரியும்லா?"

"தெரியும்."

"அப்போ காலம் பூரா ஒடிஞ்ச மனுசனோட நான்லா குடும்பம் நடத்தணும். என்னால ஏலாது. சாப்பிட்டுட்டுப் போய்ச் சொல்லிட்டு வாங்க."

சாப்பிட்டேன். ஆனால் இன்று சொல்லவில்லை. சார் கோயில் கமிட்டிக்குப் போய்விட்டார். அப்பாடா என்று இருந்தது, வெட்கமாகவும் இருந்தது.

ஜனவரி 24, வெள்ளி

சொல்லிவிட்டேன்.

கதவைச் சாத்திக்கொண்டு, கரிமத் தன்மையுள்ள இடைப்பொருள் என்று ஆரம்பித்தேன். சார் கண்ணாடியைக் கழற்றினார். "தமிழ்ல சொல்லும் ஓய்" என்றார்.

"சந்தனம் சார். பூஜையில நான் வச்ச சந்தனம். உள்ள போய் ஒட்டிடுச்சு. என் தியரி எல்லாம் தப்பு. ஸ்பிரிங் வச்சா ஒடிஞ்சிரும்."

மின்விசிறி சுற்றுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அதற்குள் நான் ராஜினாமாக் கடிதத்தின் முதல் பத்தியை மனதில் எழுதி முடித்துவிட்டேன்.

"ஆத்துல கல்லுல அரைச்சதா, கடைப்பொடியா?"

"கடைப்பொடி சார்."

"அதானே பார்த்தேன். அரைச்ச சந்தனம் காஞ்சா உதிர்ந்துடும், ஒட்டாது. பொடியில பசை கலந்திருப்பான்." பகவான் மேல் குற்றமில்லை என்று ஆனதில் அவருக்கு ஒரு நிம்மதி. பிறகு குரல் ஏறியது. "ஏன் ஓய், நெத்தியில வைன்னா வாயில கொண்டுபோய் அப்பியிருக்கீரே! எது நெத்தி எது வாய்னு தெரியாத ஆளா அதுக்கு அப்பா அம்மா?"

கதவுக்கு வெளியே ராகேல் இருமினாள். அது இருமல் இல்லை.

சார் திடீரென்று தணிந்துபோனார். "ஒண்ணரை மாசமா ஊரெல்லாம் சொல்லிண்டு திரிஞ்சேன். நம்ம பையன் ஒண்ணு கண்டுபிடிச்சிருக்கான்னு" என்றார். திட்டியபோது வலிக்கவில்லை. இது வலித்தது. தலையைக் குனிந்துகொண்டு நின்றேன்.

"ஸ்பிரிங்கைக் கழட்டச் சொல்லும். திங்கக்கிழமை அனீஷ்கிட்ட நானே சொல்றேன். பூஜை என்னோடது" என்றார்.

ஜனவரி 27, திங்கள்

வீடியோவில் அனீஷோடு அவருடைய ஆட்கள் ஆறேழு பேர். சார் மென்று முழுங்காமல் சொன்னார். "சரஸ்வதி பூஜைக்குச் சந்தனம் வச்சோம். அது உருளையில ஒட்டிடுத்து. நாங்க அதை ஒரு சயின்ஸ்னு நினைச்சுட்டோம். தப்பு எங்களோடது. ஸ்பிரிங் வேண்டாம்."

நான் கண்ணை மூடிக்கொண்டேன். சிரிப்புக்காகக் காத்திருந்தேன். வரவில்லை. கண்ணைத் திறந்தால் திரையில் அனீஷ் பக்கத்து ஆளைப் பார்க்கிறார், அந்த ஆள் அடுத்த ஆளைப் பார்க்கிறார். ஒரு பெண் எழுந்து வேகமாக வெளியே போனாள்.

"சாரே" என்றார் அனீஷ், சின்னக் குரலில். "குங்குமம் ஒட்டுமோ?"

அவர்களும் ஆயுத பூஜை செய்திருக்கிறார்கள்.

அதன் பிறகு யாரும் என்னை ஒரு கேள்வி கேட்கவில்லை. கூட்டம் அவசரமாக முடிந்தது.

பிப்ரவரி 5, புதன்

முறையான சோதனை. கழுவிய உருளை, கடைப்பொடிச் சந்தனம் வைத்த உருளை, சார் வீட்டில் மாமி கல்லில் அரைத்துக் கொடுத்த சந்தனம் வைத்த உருளை. ராகேல் மூன்றுக்கும் எண் போட்டு, பூஜைக்கு வைத்த அளவே சும்மா வைத்திருந்தாள். கடைப்பொடி டப் என்றது. அரைத்த சந்தனம் ஒன்றும் செய்யவில்லை. சார் கூடத்தைச் சுற்றி ஒரு பார்வை பார்த்தார். அறிக்கையில் அதையும் சேர்க்கச் சொல்லிவிட்டார்.

கழுவிய உருளையில் பூம் ஒன்றரை நிமிடத்தில் நிதானமாக நீண்டது.

கட்டுரையைத் திரும்பப் பெற்றுக்கொள்வதாக ஜெர்மனிக்கு எழுதினேன். நாலே வரி. எழுதி முடித்து அனுப்ப மனம் வராமல் காபி குடித்தேன், முகம் கழுவினேன், மறுபடி காபி குடித்தேன். அனுப்பினேன். கஷ்டமாகத்தான் இருக்கிறது. இல்லை என்று எழுதினால் அது இந்த நோட்டில் முதல் பொய்யாகிவிடும்.

கோட்டை என்ன செய்வது என்று கௌசல்யா கேட்டாள். அவள் தம்பி கல்யாணம் வருகிறது. அதற்குப் போடலாம்.

ஜூலை 14, திங்கள்

மேலே போகிற பூம் இன்று பெங்களூருக்குப் போனது. பெட்டியின் வாயை ராகேல் என் கண் முன்னாலேயே டேப் போட்டு ஒட்டினாள். "சாருக்காகத்தான்" என்றாள்.

அக்டோபர் 27, திங்கள்

ராக்கெட் கிளம்பிவிட்டது. செயற்கைக்கோள் சுற்றுகிறது. பூமை உடனே விரிக்க மாட்டார்களாம், மற்ற கருவிகளை எல்லாம் பார்த்த பிறகுதானாம். சோறு இறங்கவில்லை. பெண்ணைக் கட்டிக்கொடுத்தவன் கதை இதுதான் போல.

நவம்பர் 18, செவ்வாய்

இன்று விரித்தார்கள்.

பெங்களூரிலிருந்து அனீஷ் கட்டளை அனுப்ப, எங்கள் கூட்ட அறைத் திரையில் எண்கள் வர வேண்டும். சார், ராகேல், நான். என் மாடலின் கோட்டை முன்பே நீலத்தில் வரைந்து வைத்திருந்தேன். மேலிருந்து வருவது சிவப்பு.

சிவப்பு வர ஆரம்பித்தது. ஊர்ந்து ஊர்ந்து வந்தது. ராகேல் கழுத்துச் சிலுவையைப் பிடித்துக்கொண்டாள். சார் ஏதோ ஸ்லோகத்தை முணுமுணுத்தார். முனகல் இல்லை, தயக்கம் இல்லை, பாய்ச்சல் இல்லை. நுனி கொஞ்சம் அசைந்தது. அடங்கியது.

"நீலம் எங்க ஓய்? காணோமே" என்றார் சார் பதறி.

"சிவப்புக்கு அடியில இருக்கு சார்" என்றேன்.

போனில் அனீஷ், "அப்போ சரி சாரே, அடுத்த வேலையைப் பார்க்கறேன்" என்று வைத்துவிட்டார். "இவ்வளவுதானா?" என்றாள் ராகேல். ஒரு வருடமாக நூல் கட்டினவளுக்கு ஏமாற்றமாக இருந்திருக்கும். சார் எழுந்து வேட்டியை இறுக்கிக்கொண்டு போகும்போது ஒரு கணம் என் தலையில் கை வைத்தார்.

கழிவறைக்குப் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு அழுதேன். நன்றாகவே அழுதேன். சந்தோஷம்தான், வேறொன்றும் இல்லை.

வீட்டுக்கு வந்தேன். கௌசல்யாவும் அப்போதுதான் வங்கியிலிருந்து வந்து செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தாள். என் கண்ணைப் பார்த்துப் பயந்துவிட்டாள்.

"என்னங்க ஆச்சு?"

"ஒண்ணும் ஆகல."

"ஒண்ணுமேவா?"

"ஒண்ணுமே ஆகல கௌசி. நான் சொன்ன மாதிரியே, ஒண்ணுமே ஆகல."

என் வேலையைப் பற்றி நான் வாயெடுத்தாலே அடுப்பில் ஏதோ இருப்பதாக எழுந்து போகிறவள் அவள். இன்று பையைக் கீழே வைத்துவிட்டு, எனக்கு எதிரே தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

"சொல்லுங்க" என்றாள். "அந்த ஒண்ணும் ஆகாதத, முதல்லேருந்து, ஒண்ணு விடாம சொல்லுங்க."

சொன்னேன்.